குறிப்புக் கோப்பு இணையப் பக்கமாகும்போது: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர் கேள்விகள்

வெறும் எழுத்துக் கோப்பில் தலைப்பு, உட்தலைப்பு என்று அடுக்கி வைத்த குறிப்புகளை இணையப் பக்கமாக மாற்றும்போது வரும் சிக்கல்கள் பற்றி இரு மாவட்ட வாசகர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில். மார்க்டவுன், ஆர்க் இரண்டும் வெறும் எழுத்தில் தலைப்பையும் பட்டியலையும் குறிகளால் காட்டும் முறைகள். ஈமேக்ஸ் என்பது ஆர்க் முறை இயங்கும் எழுதுகருவி. பேண்டாக் என்பது கோப்பை ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றும் மென்பொருள். கட்டளைச் சொற்களைத் தமிழெழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். #, +, *, ^ போன்ற குறிகள் அச்சில் உள்ளபடியே.

நடுகற்களைப் பற்றிப் பல வருடக் குறிப்பு ஒரே கோப்பில் இருக்கிறது. டேப் தட்டித் தட்டி உள்ளே தள்ளி எழுதியது. மார்க்டவுன் என்று சொல்லி மாற்றினால் பக்கம் முழுக்கச் சாம்பல் பெட்டி. எழுத்தும் தட்டச்சு மிஷினில் அடித்த மாதிரி இருக்கிறது. ஏன்?
— ஆசிரியர், பென்னாகரம்

டேப்தான் காரணம். வரித் தொடக்கத்தில் ஒரு டேப்போ நான்கு இடைவெளியோ இருந்தால் மார்க்டவுன் அதை நிரல் வரி என்று எடுத்துக்கொள்ளும். நிரல் வரியைத் தொடாமல், மடிக்காமல், அப்படியே பெட்டிக்குள் வைத்துவிடும். நீங்கள் 'இது இதற்கு உட்பட்டது' என்று காட்டத் தள்ளினீர்கள். அது வேறு அர்த்தம் செய்துகொண்டது.

தள்ளலைக் குறியாக மாற்ற வேண்டும். ஆர்க் முறையில் ஒரு நட்சத்திரம் முதல் தலைப்பு, இரண்டு நட்சத்திரம் அதன் உட்தலைப்பு. நட்சத்திரம் வரியின் முதல் எழுத்தாக இருக்க வேண்டும், அதற்குப் பின் ஒரு இடைவெளி கட்டாயம். ஆனால் எல்லா அடுக்கையும் தலைப்பாக்கிவிடாதீர்கள். டேப் குறிப்பில் கடைசி அடுக்குகள் பெரும்பாலும் முழு வாக்கியங்களாக இருக்கும். அவற்றைத் தலைப்பாக்கினால் பக்கம் கத்திக்கொண்டே இருக்கும். மேல் மூன்று அடுக்கு தலைப்பு, அதற்குக் கீழே பட்டியல் என்பது பெரும்பாலான குறிப்புகளுக்குப் பொருந்தும். மாற்றியபின் இப்படி இருக்கும்:

* பென்னாகரம் வட்டம்
** ஏரிக்கரைக் கல்
*** கல்லின் நிலை
- உயரம் நான்கு அடி. மேல் பகுதி உடைந்திருக்கிறது
- எழுத்து இரண்டு வரி. முதல் வரி மட்டும் படிக்க முடிகிறது

நோட்பேட் பிளஸ் பிளஸில் இதைச் செய்ய, முதலில் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். 'வியூ' பட்டியலில் இடைவெளியையும் டேப்பையும் காட்டச் சொல்லுங்கள். டேப் அம்பாகவும் இடைவெளி புள்ளியாகவும் தெரியும். இரண்டும் கலந்து கிடந்தால் (பழைய கோப்புகளில் கிடக்கும்) நான்கு புள்ளிகளை ஒரு டேப்பாக மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். பிறகு கண்ட்ரோல்-எச் அழுத்தி, தேடும் முறையில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' தேர்ந்தெடுத்து, ஆழமான அடுக்கிலிருந்து மேலே வாருங்கள். வரித் தொடக்கத்தைக் குறிக்கும் ^ குறியும், அதை ஒட்டி பின்சாய்கோடு-டி (\t) நான்கு முறையும் போட்டுத் தேடி, இரண்டு இடைவெளி, சிறுகோடு, ஓர் இடைவெளி என்று மாற்றுங்கள். மூன்று டேப்பை சிறுகோடும் இடைவெளியுமாக, இரண்டு டேப்பை மூன்று நட்சத்திரமும் இடைவெளியுமாக, ஒரு டேப்பை இரண்டு நட்சத்திரமும் இடைவெளியுமாக. டேப்பே இல்லாத முதல் அடுக்கு வரிகள் கொஞ்சம்தான் இருக்கும், கையாலேயே போட்டுவிடலாம்.

வரிசையை மாற்றிவிடக் கூடாது. ஒரு டேப்பை முதலில் தேடினால் மூன்று டேப் வரியின் முதல் டேப்பும் அகப்பட்டுக்கொள்ளும். நட்சத்திரத்துக்குப் பின்னால் இரண்டு டேப் தொங்கிக்கொண்டு நிற்கும்.

ஈமேக்ஸில் நான்காவது அடுக்கையும் தலைப்பாகவே வைக்க நினைத்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஆர்க் தானாக மூன்று அடுக்கு வரைதான் தலைப்பாக ஏற்றுமதி செய்யும். நான்காவதைப் பட்டியலாக இறக்கிவிடும். கோப்பின் தலையில் உள்ள #+ஆப்ஷன்ஸ் வரியில் எச்:4 என்று சேர்த்தால் சரியாகிவிடும்.

என்னிடம் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். ஈமேக்ஸ் கற்றுக்கொள் என்கிறார்கள் சிலர், பேண்டாக் போதும் என்கிறார்கள் சிலர்.
— கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

இரண்டுமே அந்த லேப்டாப்பில் தாராளமாக ஓடும். இரண்டும் இலவசம், இரண்டும் வயதில் மூத்தவை. ஆர்க் முறையை 2003-ல் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் தனக்காக எழுதத் தொடங்கினார். இப்போது ஈமேக்ஸுடனேயே வருகிறது, தனியாக நிறுவ வேண்டாம். பேண்டாக்கை 2006-ல் வெளியிட்ட ஜான் மக்ஃபார்லேன் தத்துவப் பேராசிரியர்.

எப்போதாவது ஒரு கோப்பை மாற்றுவதோடு வேலை முடிகிறது என்றால் பேண்டாக். கட்டளைச் சாளரத்தில் ஒரே வரி:

பேண்டாக் -எஸ் குறிப்பு.ஆர்க் -ஓ குறிப்பு.எச்டிஎம்எல்

இதில் -எஸ் என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பக்கத்தின் உடல் மட்டும் வரும், தலைப்பகுதி வராது. தலைப்பகுதியில்தான் 'இது யூடிஎஃப்-8' (எல்லா மொழி எழுத்தும் அடங்கும் குறியீட்டு முறை) என்ற அறிவிப்பு இருக்கிறது. அது போனால் தமிழும் போனது. பொருளடக்கம் வேண்டுமானால் இரண்டு சிறுகோடும் டிஓசி-யும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் குறிப்பு எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புப் போட்டு, மொத்தமாக வெளியிட வேண்டுமென்றால் ஈமேக்ஸ் கற்கலாம். ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், அதற்குப் பின் பழகிவிடும். ஏற்றுமதிக்கு கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-இ. ஒரு பட்டியல் விரியும். எச் எழுத்தை இருமுறை அழுத்தினால் அதே கோப்புறையில் எச்டிஎம்எல் கோப்பு உருவாகும். எச், அடுத்து ஓ அழுத்தினால் உருவாக்கி உலாவியிலும் திறந்துகாட்டும். பெரிய கோப்பில் ஒரு தலைப்பை மட்டும் பக்கமாக்க, கர்சரை அந்தத் தலைப்பில் வைத்து, பட்டியல் விரிந்ததும் கண்ட்ரோல்-எஸ் அழுத்திவிட்டுப் பிறகு எச் எச்.

கோப்பின் தலையில் குறைந்தது மூன்று வரி இருக்கட்டும்:

#+டைட்டில்: தகடூர் நடுகற்கள்
#+லாங்குவேஜ்: டிஏ
#+ஆப்ஷன்ஸ்: நம்:நில் ^:{}

இரண்டாவது வரியில் டிஏ என்பது ta, தமிழுக்கான குறி. அந்த வரியைப் பலரும் போடுவதில்லை. போடாவிட்டால் பக்கம் ஆங்கிலம் என்று தன்னை அறிவித்துக்கொள்ளும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் தமிழைப் படிக்க ஆங்கிலக் குரலை எடுக்கப் பார்க்கும். மூன்றாவது வரியில் நம்:நில் என்பது தலைப்புகளுக்கு முன்னால் தானாக விழும் எண்களை நிறுத்துகிறது.

லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையை இயக்க முறைமையிலேயே வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. கண்ட்ரோல்-சி அழுத்தினால் ஈமேக்ஸுக்குக் கண்ட்ரோலும் ஒரு தமிழெழுத்தும் போய்ச் சேரும். 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று கைவிரிக்கும். கணினியின் விசைப்பலகையை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, ஈமேக்ஸின் உள்ளேயே இருக்கும் தமிழ் உள்ளீட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். கண்ட்ரோலும் பின்சாய்கோடும் சேர்த்து அழுத்தினால் அது மாறி மாறி இயங்கும். கட்டளை விசைகளும் தடையின்றி வேலை செய்யும்.

கோப்பில் தமிழ் நன்றாகத் தெரிகிறது. பக்கத்தில் குப்பையாக வருகிறது. எழுத்துரு மாற்றிப் பார்த்தும் பயனில்லை.
— ஊத்தங்கரை, அரூர், தேன்கனிக்கோட்டை வாசகர்கள்

குப்பை எந்த மாதிரி என்று பாருங்கள். நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

தலைக்கு மேல் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுக்குறியும் திரும்பத் திரும்ப வந்தால், கோப்பு நலமாக இருக்கிறது, உலாவிதான் தவறாகப் படிக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். 'த' மூன்று பைட், 'தி' ஆறு பைட். முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றே. அதனால்தான் பழைய மேலைநாட்டுக் குறியீடாகப் படிக்கும்போது அதே ஏ மீண்டும் மீண்டும் வருகிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 அறிவிப்பு இல்லை என்பதுதான் காரணம். பேண்டாக்கில் -எஸ் சேருங்கள். ஈமேக்ஸில் 'உடல் மட்டும்' என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால் கண்ட்ரோல்-பி (B) அழுத்தி நிறுத்துங்கள்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் செய்தி கெட்டது. கோப்பை ஆன்சி முறையில் சேமித்திருக்கிறீர்கள். அந்த முறையில் தமிழுக்கு இடமே இல்லை. எழுத்துகள் அழிந்துபோய் அந்த இடத்தில் கேள்விக்குறி உட்கார்ந்துவிட்டது. எந்த மாற்றியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பழைய நகலைத்தான் தேட வேண்டும். விண்டோஸ் நோட்பேட் 2019-ல் வந்த 1903 பதிப்பிலிருந்துதான் புதுக் கோப்புகளைத் தானாக யூடிஎஃப்-8-ல் சேமிக்கிறது. விண்டோஸ் 7 கணினியில் எழுதுபவர்கள் ஒவ்வொரு முறையும் 'சேவ் ஆஸ்' பெட்டியின் அடியில் என்கோடிங் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டம் கட்டமாக வந்தால்? எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் கலந்து, ஏதோ சங்கேத மொழி போல வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. அந்தக் கோப்பில் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகள் தமிழ் முகமூடி போட்டிருந்தன. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக மாற்றுங்கள். ஆனால் நட்சத்திரம், இணைப்பு எல்லாம் போடுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். பாமினியில் இடது சதுர அடைப்பு 'ஜ', வலது சதுர அடைப்பு 'ஸ'. ஆர்க் இணைப்புகளோ சதுர அடைப்புகளால்தான் ஆனவை. பின்னால் மாற்றினால் உங்கள் இணைப்பெல்லாம் ஜஜ, ஸஸ என்று முடியும். குறிப்பின் நடுவே உண்மையிலேயே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாகக் கிறுக்கப்பட்டுவிடும். மாற்றியபின் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

தடித்த எழுத்து சில இடத்தில் வருகிறது, சில இடத்தில் நட்சத்திரம் அப்படியே அச்சாகிறது. விதி என்ன?
— மொழிபெயர்ப்பாளர், ஓசூர்

விதி ஆங்கிலத்துக்காகப் போட்டது. தமிழ் வேற்றுமை உருபு அதில் இடிக்கிறது. ஆர்க் முறையில் தடித்த எழுத்தை முடிக்கும் நட்சத்திரத்துக்குப் பின்னால் இடைவெளியோ நிறுத்தக்குறியோதான் வரலாம். *ஒகேனக்கல்* என்று தனியாக நின்றால் தடிக்கும். *ஒகேனக்கல்*லில் என்று உருபை வெளியே ஒட்டினால் தடிக்காது, நட்சத்திரம் அப்படியே நிற்கும்.

எளிய வழி, உருபையும் உள்ளே இழுத்துக்கொள்வது: *ஒகேனக்கல்லில்*. பெயர் மட்டும்தான் தடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், மூடும் நட்சத்திரத்துக்கும் உருபுக்கும் நடுவே அகலமில்லா இடைவெளி ஒன்றைச் செருகலாம். ஈமேக்ஸில் கண்ட்ரோல்-எக்ஸ், 8, என்டர், பிறகு 200பி (200B), மறுபடி என்டர். கண்ணுக்குத் தெரியாது, வேலை செய்யும். ஆனால் அந்தச் சொல்லைப் பின்னால் தேடும்போது நடுவில் உள்ள அது தடுக்கும் என்பதால் நாங்கள் முதல் வழியையே சொல்வோம்.

மார்க்டவுனில் இரட்டை நட்சத்திரத்துக்குப் பின் உருபு ஒட்டலாம், தடையில்லை. அங்கே சிக்கல் மேற்கோள் குறியால் வரும். தடித்த சொல் மேற்கோள் குறியில் முடிந்து, உருபு வெளியே ஒட்டியிருந்தால் தடிக்காது. மேற்கோள் குறியை நட்சத்திரத்துக்கு வெளியே வையுங்கள்.

இணைப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. சதுர அடைப்பு மூடியதும் 'இல்', 'உக்கு' எதையும் தாராளமாக ஒட்டலாம்.

'கிருஷ்ணகிரி மாவட்டம் உருவான ஆண்டு 2004. அதற்கு முன்...' என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் '1. அதற்கு முன்' என்று வருகிறது. 2004-ஐக் காணவில்லை!
— போட்டித் தேர்வு மாணவர், பர்கூர்

'ஆண்டு' என்ற சொல்லுக்குப் பின் என்டர் தட்டியிருப்பீர்கள். அதனால் 2004-ம் புள்ளியும் அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வந்துவிட்டன. வரித் தொடக்கத்தில் எண், புள்ளி, இடைவெளி என்று வந்தால் ஆர்க் அதை எண்ணிட்ட பட்டியலின் ஓர் உருப்படி என்று நினைக்கும். எச்டிஎம்எல் பட்டியல் 1-லிருந்து எண்ணும். ஆக, 2004 போய் 1 வந்தது. பக்கம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். தவறு கண்ணில் படாது. அதுதான் ஆபத்து.

தருமபுரி மாவட்டம் 1965, கிருஷ்ணகிரி 2004 என்று தேதியாக அடுக்கும் உங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு பத்தியையும் ஒரே நீண்ட வரியாக எழுதுங்கள். மடிப்பதைத் திரை பார்த்துக்கொள்ளும். உண்மையிலேயே பட்டியல் 20-லிருந்து தொடங்க வேண்டும் என்றால் எண்ணுக்குப் பின் [@20] என்று போட வேண்டும்.

இதே இனத்தில் இன்னும் சில: வரித் தொடக்கத்தில் # குறியும் இடைவெளியும் வந்தால் அது எழுதுபவரின் சொந்தக் குறிப்பு, பக்கத்தில் வரவே வராது. செங்குத்துக் கோட்டில் தொடங்கினால் அட்டவணை. சொல் நடுவே அடிக்கோடு போட்டால், அதாவது 'விலை_2023' என்று எழுதினால், 2023 குட்டையாகிக் கீழே இறங்கும். மேலே தலை வரியில் ^:{} போடச் சொன்னது இதற்குத்தான்.

மாற்றி எடுத்த எச்டிஎம்எல் கோப்பிலேயே எழுத்துப் பிழையைத் திருத்திவிடலாமா? அதுதானே சீக்கிரம்?
— வாசகி, காரிமங்கலம்

வேண்டாம். அடுத்த முறை ஏற்றுமதி செய்தவுடன் உங்கள் திருத்தம் முழுக்க அழிந்துவிடும். எதைத் திருத்தினோம் என்பதும் நினைவிருக்காது. குறிப்புக் கோப்பு நாற்றங்கால், பக்கம் அதிலிருந்து பிடுங்கி நட்டது. திருத்தம் எதுவானாலும் குறிப்பில்தான்.

ஒரு குறிப்பிட்ட தலைப்புக்கு நேராகப் போகும் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அடுத்த வாரம் பக்கத்தைப் புதுப்பித்ததும் அது பக்கத்தின் உச்சிக்கே போகிறது.
— பட்டுக்கூடு விவசாயி, தருமபுரி

ஆர்க் ஒவ்வொரு தலைப்புக்கும் தானாக ஓர் அடையாளக் குறி வைக்கிறது. அது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோவை. ஏற்றுமதிக்கு ஏற்றுமதி மாறக்கூடியது. மாறியதும் பழைய இணைப்புக்கு இடம் தெரியாது, உச்சியில் நிறுத்திவிடும்.

தலைப்புக்கு நிரந்தரமாக ஒரு பெயர் வைத்துவிடுங்கள். கர்சரைத் தலைப்பில் வைத்து, கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-எக்ஸ், பி (p). பண்பின் பெயர் கேட்கும்போது 'கஸ்டம்_ஐடி' என்றும், மதிப்புக்கு ஆங்கில எழுத்தில் 'மல்பெரி-நோய்' போலச் சிறியதாகவும் கொடுங்கள். தலைப்பின் சொற்களை நாளை நீங்கள் மாற்றினாலும் இந்தப் பெயர் மாறாது. எல்லாத் தலைப்புக்கும் தேவையில்லை; வெளியே பகிரும் தலைப்புகளுக்கு மட்டும் போதும். ஒரே பெயரை இரண்டு தலைப்புக்கு வைத்துவிடாதீர்கள்.

பெயரை ஆங்கில எழுத்தில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'தருமபுரி' என்பதில் யூனிகோடு குறியீடுகள் எட்டு; 24 பைட். முகவரியில் அது விழுக்காட்டுக் குறிகளோடு விரியும்போது 72 எழுத்து ஆகிறது. 'கிருஷ்ணகிரி' 99. வாட்ஸ்அப்பில் ஒட்டினால் அரைப் பக்கம் வால் நீளும், பாதியில் வெட்டுப்பட்டு வேலை செய்யாமலும் போகும். கோப்புப் பெயருக்கும் இதே நியாயம்.

என் கணினியில் படங்கள் தெரிகின்றன, ஏற்றியபின் தெரிவதில்லை. தெரிகிற சிலவும் வந்து சேர வெகுநேரம் ஆகிறது.
— புகைப்படக்காரர், கிருஷ்ணகிரி

முதல் கேள்விக்கு மூன்று சந்தேக நபர்கள். ஒன்று, இணைப்பு 'சி:' என்று உங்கள் கணினியின் வழியில் தொடங்குகிறது. அந்த வட்டு உங்கள் மேசையில் இருக்கிறது, வலையில் இல்லை. படங்களைக் குறிப்புக் கோப்புக்குப் பக்கத்திலேயே ஒரு கோப்புறையில் வைத்து, அந்தக் கோப்புறைப் பெயரிலிருந்து வழியை எழுதுங்கள். இரண்டு, பின்னொட்டு. கேமரா பெரிய எழுத்தில் ஜேபிஜி என்று வைத்திருக்கும், நீங்கள் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. சர்வர் பெரும்பாலும் லினக்ஸ், அதற்கு இரண்டும் வேறு. மூன்று, ஐபோனின் எச்இஐசி வகைப் படங்கள். குரோம் அவற்றைக் காட்டாது, ஜேபிஜி-யாக மாற்றித்தான் ஆக வேண்டும்.

படத்துக்குப் பதில் வெறும் இணைப்பு வந்தால், இணைப்பில் விளக்கச் சொல் சேர்த்திருக்கிறீர்கள். ஆர்க் முறையில் விளக்கம் இல்லாத பட இணைப்புதான் படமாக விரியும்.

வேகத்துக்கு: 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 புள்ளி. கைபேசித் திரைக்கு 1200 புள்ளி அகலமே அதிகம். குறிப்பில் அகலம் இவ்வளவு என்று எழுதினால் படம் சின்னதாகத் தெரியுமே தவிர, இறங்கும் கோப்பு அதே எடைதான். நிஜமாகவே சுருக்க வேண்டும். படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் மென்பொருளின் 'மோக்ரிஃபை' கட்டளை ஒரு கோப்புறையையே சுருக்கிவிடும். ஆனால் அது மூலப் படத்தின் மேலேயே எழுதும். -பாத் என்று வேறு கோப்புறையைக் காட்டாமல் அதை ஓட்டாதீர்கள்.

எங்கள் உழவர் குழுவின் தக்காளி விலைக் குறிப்பில் உறுப்பினர் கைபேசி எண்களும் கடன் விவரமும் நடுநடுவே இருக்கின்றன. அவற்றை மறைத்து மற்றதை மட்டும் வெளியிட வழி?
— கணக்கர், பாலக்கோடு

வழி இருக்கிறது. மறைக்க வேண்டிய தலைப்பின் கடைசியில் :நோஎக்ஸ்போர்ட்: என்ற ஒட்டுக்குறி போடுங்கள், இரு பக்கமும் முக்காற்புள்ளி, உள்ளே ஆங்கிலச் சிறிய எழுத்து. அந்தத் தலைப்பும் அதன் கீழுள்ள எல்லாமும் பக்கத்தில் வராது. ஈமேக்ஸில் தலைப்பை மடித்து மூடி வைப்பது மறைப்பது ஆகாது. மூடிய தலைப்பும் பக்கத்தில் விரிந்தே வரும். இழுப்பறை எனப்படும் மடிப்புக்குள் வைத்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. 'லாக்புக்' என்ற இழுப்பறையைத் தவிர நீங்களாகப் பெயர் வைத்தவை எல்லாம் பக்கத்துக்குப் போகும்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. பலரும் இணையப் பக்கங்களைத் தாங்கும் கிட்ஹப் பேஜஸ் சேவையில் இலவசமாக ஏற்றுகிறார்கள். இலவசக் கணக்கில் அதற்குக் களஞ்சியம் (ஏற்றிய கோப்புகள் சேரும் இடம்) பொதுவில் இருக்க வேண்டும். எச்டிஎம்எல்லோடு குறிப்புக் கோப்பையும் சேர்த்து ஏற்றினால், நோஎக்ஸ்போர்ட் போட்டு மறைத்த எண்கள் எல்லாம் அந்தக் கோப்பில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடக்கும். பிறகு அழித்தாலும் பழைய பதிப்பு வரலாற்றில் தங்கிவிடும். குறிப்புகள் ஒரு கோப்புறை, வெளியிடும் பக்கங்கள் வேறு கோப்புறை, ஏற்றுவது இரண்டாவதை மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களைக் கேட்டால், கடன் விவரம் அந்தக் கோப்பிலேயே இருக்க வேண்டாம். தனிக் கோப்புக்கு மாற்றுங்கள். ஒட்டுக்குறியை ஒருநாள் ஒரே ஓர் இடத்தில் மறந்தால் போதும்.

அறுபது கோப்பு இருக்கிறது. ஒவ்வொன்றாகவா மாற்றுவது?
— நூலகர், தருமபுரி

ஈமேக்ஸில் 'ஆர்க் பப்ளிஷ்' இதற்காகவே இருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரு திட்டத்துக்கு ஒரு பெயர், குறிப்புகள் உள்ள கோப்புறை, பக்கங்கள் போய்ச் சேர வேண்டிய கோப்புறை, மாற்றும் செயல்கூறு என்று நான்கு விவரம் எழுத வேண்டும். படங்களுக்கும், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் பாணிக் கோப்புக்கும் (சிஎஸ்எஸ்) இன்னொரு திட்டம். அது மாற்றாமல் அப்படியே நகலெடுக்கும். இந்த இரண்டாவதை விட்டுவிட்டுத்தான் 'பக்கம் வந்தது, படம் வரவில்லை' என்று பலர் தவிக்கிறார்கள். பிறகு ஏற்றுமதிப் பட்டியலில் பெரிய பி (P), அடுத்து எக்ஸ், திட்டத்தின் பெயர். குறிப்புகளுக்கு இடையே ஆர்க் கோப்பைக் காட்டும் இணைப்புகள் தாமாகவே எச்டிஎம்எல் இணைப்புகளாக மாறிவிடும்.

இது மாறிய கோப்புகளை மட்டும்தான் மறுபடி செய்யும். திட்ட அமைப்பை மட்டும் மாற்றினால் குறிப்புகள் எதுவும் தொடப்படவில்லை என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும். அப்போது பட்டியலில் கண்ட்ரோல்-எஃப் அழுத்தி, கட்டாயமாக எல்லாவற்றையும் செய்யச் சொல்லுங்கள்.

கைபேசியில் மாம்பழ ரக அட்டவணை திரையை விட்டு வெளியே ஓடுகிறது. வரிகளும் நெருக்கமாக இருக்கின்றன.
— நாற்றங்கால் நடத்துபவர், போச்சம்பள்ளி

பெங்களூரா, நீலம், செந்தூரா, மல்கோவா என்று ரகத்தை வரிசையாகவும் விவரத்தை நெடுவரிசையாகவும் வைத்து ஏழு நெடுவரிசை போட்டால் எந்தக் கைபேசியும் தாங்காது. நான்காகக் குறைக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் அட்டவணைக்கு மேலே #+பிகின்_வைட், கீழே #+எண்ட்_வைட் போடுங்கள். அது 'வைட்' என்ற வகுப்புள்ள பெட்டியாகும். பாணிக் கோப்பில் அந்த வகுப்புக்குக் கிடைமட்ட நகர்வு 'ஆட்டோ' என்று கொடுத்தால் அட்டவணை மட்டும் விரலுக்கு நகரும், பக்கம் அசையாது. வரி உயரம் 1.7 வையுங்கள். ஆங்கிலத்துக்குப் போதுமான 1.4-ல் மேல்வரியின் 'கு', 'மூ' கால்கள் கீழ்வரியின் 'கி', 'தீ' கொம்புகளில் மோதும்.

அதியமான் பற்றிய குறிப்பில் இருந்து ஔவையார் தலைப்புக்கு இணைப்புப் போட்டேன். ஏற்றுமதி நடக்கவே மறுக்கிறது. இணைப்பைத் தீர்க்க முடியவில்லை என்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தருமபுரி

ஐயா, கண்ணுக்கு ஒரே சொல். ஓரிடத்தில் 'ஔ' என்ற ஒற்றை உயிரெழுத்து இருக்கும். இன்னோரிடத்தில் 'ஒ', அதன் பக்கத்தில் 'ள' என்று இரண்டு எழுத்து. அச்சில் வித்தியாசம் தெரியாத எழுத்துருக்கள் நிறைய. கணினிக்கு இரண்டாவது 'ஒளவையார்' என்ற வேறு சொல். ஆர்க் ஏற்றுமதியில் உள் இணைப்பு ஒன்றுக்கு இலக்கு கிடைக்காவிட்டால் மொத்த ஏற்றுமதியும் நின்றுவிடும். கர்சரை முதலெழுத்துக்கு முன்னால் வைத்து வலது அம்புக்குறியை ஒருமுறை அழுத்துங்கள். கர்சர் 'வை'க்கு முன்னால் போய் நின்றால் ஔ சரி. நடுவில் நின்றால் அது ஒ, ள. கோப்பு முழுக்கத் தேடி மாற்றும்போது 'ஒள' என்று மட்டும் தேடிவிடாதீர்கள். 'ஒளி', 'ஒளிவு' எல்லாம் பலியாகும். 'ஒளவை' என்று தேடுங்கள்.

பாலக்கோடு, போச்சம்பள்ளி போன்ற பெயர்களில் இன்னொரு வகை உண்டு. 'கோ'வின் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரண்டு குறியீடாகவும் இருக்கலாம். பிடிஎஃப்-பிலிருந்து நகலெடுத்து ஒட்டிய சொற்களில் இரண்டாவது வகை வரும். இதற்கு ஈமேக்ஸில் மருந்து இருக்கிறது. முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து, ஆல்ட்-எக்ஸ் அழுத்தி, 'யூசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ரீஜன்' என்று கொடுத்தால் எல்லாம் ஒரே வடிவுக்கு வரும். ஒ, ள பக்கத்தில் நிற்பதை மட்டும் அது தொடாது; 'ள' அதற்கு நியாயமான தனி எழுத்து.